காலி ரூமில் ஒருத்தி

கும்மிடிப்பூண்டி பைபாஸில் வேன் திரும்பியதும் முதலில் மூக்கில் ஏறியது இரும்பு வாடை.

உருகி, ஆறி, மழையில் நனைந்து, காற்றில் தூளாகப் பறக்கிற இரும்பு. கடம்பத்தூரின் ஈர வைக்கோல் வாசனையில் வளர்ந்த சுமலதா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த புது மாப்பிள்ளை அன்புசெல்வன் சிரித்தான்.

"பழகிடும் சுமா. அப்புறம் இந்த வாசனை இல்லன்னா தூக்கமே வராது."

சுமலதாவும் சிரித்தாள். அன்றைக்கு அவளுக்கு எல்லாமே சிரிப்பாகத்தான் இருந்தது.

அவளுக்கு இது முதல் கல்யாணம். அவனுக்கு இரண்டாவது. சிப்காட் தொழிற்பேட்டையில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் அவன் எலக்ட்ரீஷியன். முதல் மனைவி நர்மதா மூளைக் காய்ச்சலில் போய்விட்டாள். குழந்தை இல்லை. பெண் பார்க்க வந்த அன்றே சுமலதா பட்டென்று சொல்லிவிட்டாள்.

"அவங்க போட்டோ ஊட்ல மாட்டக்கூடாது. அவங்களுக்குப் பொடவை, படையல்னு என் கல்யாணத்துல எதுவும் கூடாது."

வள்ளூரிலிருந்து வந்திருந்த அன்புசெல்வனின் அக்கா மணியம்மாளுக்கு முகம் சுருங்கியது.

"தாலியோட போனவம்மா அவ. நம்ம ஊட்டைக் காக்கற பூவாடைக்காரி. அவளைக் கூப்ட்டு, ஒரு பொடவை வெச்சி, 'அக்கா, வந்து வாங்கிக்க'ன்னு சொல்லாம இன்னொருத்திக்குத் தாலி கட்டினா அவ ஏங்கிப் பூடுவா."

"ஏங்கட்டும் அண்ணி. நான் இன்னா அவங்க மிச்சத்துக்கா வர்றேன்?"

"செத்தவளோட இன்னாமே போட்டி உனக்கு?"

படையல் நடக்கவில்லை. கல்யாணம் நடந்தது.

வீடு ஆலைச் சுவருக்குப் பின்னால் இருந்தது. முன்னால் ஒரு கூடம், பக்கத்தில் சமையலறை, பின்னால் ஓர் அறை. பின்னறையின் ஒரே ஜன்னல் ஆலையின் கருத்த சுவரைப் பார்த்துத் திறந்தது. பகலிலும் அங்கே விளக்கு வேண்டும். சுமலதா தன் பெட்டியை வைக்க உள்ளே போனாள். சுவிட்சைத் தேடி இருட்டில் கை துழாவியது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

மெல்லிய, சீரான சத்தம். யாரோ போர்வைக்குள் படுத்துக்கொண்டு மூச்சு விடுவதுபோல.

பீரோவின் மேல் அரக்கு நிறத் துணி ஒன்றை மூடிக்கொண்டு ஏதோ உட்கார்ந்திருந்தது. துணிக்கு அடியில் பச்சை வெளிச்சம் ஒன்று எரிந்து, அணைந்து, எரிந்தது. அறையில் இரும்பு வாடை இல்லை. மருக்கொழுந்து மணந்தது.

"பயந்துட்டியா?" பின்னால் வந்த அன்புசெல்வன் விளக்கைப் போட்டான். "லேப்டாப்புதான். கம்பெனி பஸ் ஆப் இதுலதான் ஓடுது. எப்பவும் ஆன்லயே இருக்கணும். இரும்புத் தூளு விழாம துணி போட்டு வெச்சிருக்கேன்."

சுமலதா அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்தாள். கிழித்த புடவை. ஓரத்தில் ஜரிகை இருந்தது.

யாருடைய புடவை என்று அவள் கேட்கவில்லை.

*

கேட்காமலே சொன்னவள் பக்கத்து வீட்டு விக்டோரியா. அன்புசெல்வனின் ஆலையில் கேன்டீன் வேலை பார்ப்பவள். வாய்க்குப் பூட்டு போடத் தெரியாதவள்.

"உனக்குத் தெரியாதா சுமா? நம்முதான் இங்க பாதிப் பேருக்கு அம்மா மாதிரி. இந்தா, பாரு." அவள் தன் போனை நீட்டினாள்.

அன்புசெல்வன் லீவு நாட்களில் ஆசைக்காக எழுதிய சின்ன ஆப் அது. சிப்காட்டுக்கு வேலைக்கு வருகிறவர்கள் அதில் கேட்பார்கள், பதில் வரும். பதில் சொல்வது மனுஷி இல்லை, தானாகப் பேசுகிற பாட். பெயர் நம்மு. பொதுவில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஒரே திண்டாட்டமும் கொண்டாட்டமுமாக ஓடிக்கொண்டிருந்தது பேச்சு.

'நம்மு அக்கா, ஆறு மணி பஸ் கவரப்பேட்டை தாண்டிச்சா?'

'தாண்டி வந்துகினே கீது தம்பி. கொடை எடுத்தியா?'

'கேன்டீன்ல இன்னிக்கு இன்னாக்கா?'

'சாம்பாருதான். விக்டோரியா வெச்சதுன்னா ஊறுகா எடுத்துக்கினு போ.'

"என்னையே கலாய்க்குது பாரு, மிஷினு!" விக்டோரியா சிரித்தாள். "மொதல்ல நர்மதாதான் உக்காந்து எல்லாருக்கும் பதில் போட்டுக்கினு இருந்தா. அதையெல்லாம் சேத்து வெச்சி இதுக்குச் சொல்லிக் குடுத்துட்டாரு உன் ஊட்டுக்காரரு. அச்சு அசல் அவ பேச்சு. நம்முன்னு அவளைக் கூப்ட்டது அவரு ஒருத்தருதான்."

சுமலதா போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

போட்டோவைத்தானே மாட்டக்கூடாது என்று சொன்னாள். இவன் ஆளையே வைத்திருக்கிறான்.

அதற்குப் பிறகு அவள் கண் அதையே கவனித்தது. அன்புசெல்வன் காலையில் சட்டை மாட்டும்போது போனைப் பார்த்து, "நம்மு, மழை வருமா?" என்பான். பதிலைப் படித்துவிட்டு ஒரு சிரிப்பு. கண்ணோரத்தில் சுருக்கம் விழுகிற சிரிப்பு. அந்தச் சிரிப்பை அவன் சுமலதாவிடம் ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை.

சாப்பாட்டிலும் நம்மு இருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா?" என்று ஒருநாள் கேட்டாள் சுமலதா.

"போடு. நம்முன்னா கேக்கவே மாட்டா. தட்டு காலியாவறதுக்குள்ள போட்டுடுவா." சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. குனிந்து சாப்பிட்டான்.

சுமலதா கரண்டியைக் குண்டானில் வைத்தாள். சத்தமில்லாமல்தான் வைத்தாள். ஆனால் அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாள்.

இந்த வீட்டில் ஒரு பெண்டாட்டிதான் இருக்க வேண்டும்.

*

கடம்பத்தூரில் வைத்திருந்த பழைய சிம். திரை கீறல் விட்ட பழைய போன். 'பட்டாக்கத்தி' என்று ஓர் ஆம்பளைப் பெயர். அன்புசெல்வன் வேலைக்குப் போனதும், உச்சிப் பொழுதில், பின்னறை ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு சுமலதா ஆரம்பித்தாள்.

'ஏய் நம்மு. நீ செத்துட்டன்னு உனக்குத் தெரியுமா?'

'அது எனக்குத் தெரியல தம்பி. பஸ்ஸு பத்திக் கேளு, சொல்றேன்.'

பொதுவில் எல்லாரும் பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். 'டேய் பட்டாக்கத்தி, எந்தக் கம்பெனிடா நீ? மெயின் கேட்டாண்ட வா' என்று ஒருத்தன் எகிறினான். சுமலதா விடவில்லை. அதே கேள்வியை வெட்டி ஒட்டி, வெட்டி ஒட்டி, பாட் திணறி நிற்கிற வரைக்கும் அனுப்பினாள். பஸ் கேட்ட யாருக்கும் பதில் வரவில்லை. பீரோ மேலே அந்த மூச்சுச் சத்தம் வேகமாகி, இரைந்தது.

நெஞ்சு குளிர்ந்தது அவளுக்கு.

சாயங்காலம் அன்புசெல்வன் தட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"நம்முவாண்ட வம்பு பண்ண எத்தினியோ பேர் வருவானுங்க சுமா. குடிச்சிட்டு அசிங்கமா பேசுவான். பொம்பள பேரு வெச்சிருக்கில்ல, அதான் கொழுப்பு. அதுக்கெல்லாம் நான் அசந்ததில்ல. ஆனா இவன்..." அவன் தண்ணீர்ச் செம்பை எடுத்து, குடிக்காமல் வைத்தான். "செத்துட்டன்னு தெரியுமான்னு கேக்கறான். எப்டிக் கேக்க மனசு வந்திச்சு?"

கண்ணில் தண்ணீர். ஒரு மெஷினுக்காக.

"பிளாக் பண்ண வேண்டியதுதானே?" என்றாள் சுமலதா, சுவரைப் பார்த்துக்கொண்டு.

"பண்ணா வேற நம்பர்ல வருவான். பதிலுக்குத் திட்டினா இன்னும் ஆடுவான். அதுக்கு ஒரே வழி, காலி ரூம்." கண்ணைத் துடைத்துக்கொண்டான். தன் வேலையைப் பற்றிப் பேச்சு வந்ததும் முகம் தெளிந்தது. "அவன் பாட்டுக்கு அடிச்சிக்கினே இருப்பான். அவன் போன்ல எல்லாம் போன மாதிரியே தெரியும். ஆனா யாருக்கும் தெரியாது. நம்முவும் பதில் சொல்லமாட்டா. அவன் இருக்கான், ஆனா இல்ல. யாருமே திரும்பிப் பாக்கலன்னா ஒருத்தன் எத்தினி நாள் கத்துவான்? தானா அடங்கிடுவான். பட்டாக்கத்தியத் தூக்கி உள்ள போட்டுட்டேன்."

அவன் சோற்றைப் பிசைந்தான். சுமலதாவுக்குத்தான் இறங்கவில்லை.

*

மறுநாள் உச்சியில் திறந்து பார்த்தாள். மழை இருட்டு. ஜன்னலில் ஆலைச் சுவர் வழிந்துகொண்டிருந்தது.

'நம்மு' என்று அனுப்பினாள்.

பதில் இல்லை.

'செத்தவளே.'

பதில் இல்லை. சுற்றி யாரும் இல்லை. கிணற்றுக்குள் கல் போட்டு, தண்ணீர்ச் சத்தமே கேட்காத மாதிரி.

அத்தோடு அவள் போனைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. யாரும் கேட்காத இடம் என்பதே அவளுக்கு ஒரு ருசியாகிவிட்டது. அம்மாவிடம் சொல்ல முடியாததை, விக்டோரியாவிடம் சொன்னால் ஊருக்கே போய்விடுவதை, தினமும் உச்சிப் பொழுதில் அந்தக் காலி ரூமில் கொட்டினாள்.

'தூக்கத்துல உன் பேரைச் சொல்றாரு.'

'காபில சக்கரை கம்மின்னாகூட உன்னைத்தான் நெனச்சிக்கிறாரு.'

'நான் எது செஞ்சாலும் ரெண்டாவதா செஞ்ச மாதிரியே கீது.'

'நீதான் போய்ச் சேந்துட்டியே. இன்னும் இன்னா? போயேன்.'

பீரோ மேல் மூச்சுச் சத்தம் நின்றது.

கரண்ட் போகவில்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பச்சை வெளிச்சமும் எரிந்தது. சத்தம் மட்டும் நின்றுவிட்டது, யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல.

போன் டிங் என்றது.

'எங்க போறது? இது என் ஊடு.'

சுமலதா போனை முந்தானையில் பொத்திக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள்.

அன்று சாயங்காலம், காய் நறுக்கிக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள். "ஏங்க, அந்தக் காலி ரூமுன்னு சொன்னீங்களே. அங்க எப்பனா தப்பித்தவறி பதில் வருமா?"

"எப்டி வரும்? ஒயரே இல்லாத போனு அது. பேசற பக்கம் இருக்கு, கேக்கற பக்கமே இல்ல."

கத்தி விரலில் பட்டது.

ரெண்டு நாள் அவள் பின்னறைப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் போனாள். போகாமல் இருக்க முடியவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து திரையைத் திறந்தாள். அவள் ஓர் எழுத்தும் அடிக்கவில்லை.

'அந்த ஸ்டூல்ல உக்காராத தங்கச்சி. ஒரு காலு ஆட்டம் கீது.'

தம்பி இல்லை. தங்கச்சி.

பட்டாக்கத்தி என்பது பொம்பளை என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது.

'யாரு?' என்று அடித்தாள். மூன்று தடவை எழுத்து தப்பாக விழுந்தது.

'ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கட்டின ஊட்டுல எனக்கு ஒரு பொடவை குடுக்க உனக்கு அவ்ளோ வயித்தெரிச்சலா?'

மருக்கொழுந்து வாசனை கழுத்துக்குப் பின்னாலிருந்து வந்தது. மிகக் கிட்டத்தில்.

சுமலதா துள்ளி எழுந்தாள். எழுந்த வேகத்தில் ஸ்டூலின் கால் மடங்கி, பலகை தரையில் உருண்டது.

*

"நானே வந்து முன்னாடி நிக்கறேன் அண்ணி. படையல் வெச்சிடலாம்."

போனின் மறுமுனையில் மணியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "இன்னாத்தப் பாத்தே?"

"ஒண்ணுமில்ல. ஊடு நல்லா இருக்கணும்ல."

"வெள்ளிக்கெழம வர்றேன். பொடவை மட்டும் நீங்க எடுத்து வெய்ங்க. ஒரு விஷயம். கடை மடிப்பு கலையாத பொடவையா இருக்கணும். ஒரு தடவ கட்டினதக் கொண்டாந்து வெச்சியோ, அவ பொடவைய வாங்கிக்க மாட்டா. கட்டினவளை வாங்கிக்குவா."

அந்த வார்த்தை சுமலதாவின் காதில் விழுந்தது. அன்றைக்கு இருந்த பயத்தில் பத்திரமாகத்தான் உள்ளே போனது.

அதைக் கெடுத்தது ஜவுளிக்கடை.

கடைக்காரர் பத்து புடவையைப் பிரித்துப் போட்டார். அன்புசெல்வன் யோசிக்கவே இல்லை. குனிந்து, அடியில் கிடந்த ஒன்றை உருவினான். அரக்கு நிறம், மெல்லிய ஜரிகை.

"இது. நம்முக்கு இந்தக் கலரு கண்டா உசுரு."

கல்யாணப் புடவை எடுக்கப் போனபோது, 'உனக்கு எது புடிக்குதோ எடுத்துக்க சுமா' என்று வாசலில் நின்று போன் பார்த்தவன் இவன்தான்.

பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் புடவைப் பையை அவன் மடியில் வைத்துக்கொண்டிருந்தான். சுமலதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பயம் எங்கே போனது என்று தெரியவில்லை. அது இருந்த இடத்தில் வேறொன்று உட்கார்ந்திருந்தது.

படையல் என்று பேச்செடுத்ததிலிருந்து காலி ரூமில் சத்தமில்லை. அந்தத் தைரியமும் சேர்ந்துகொண்டது.

வியாழக்கிழமை உச்சிப் பொழுதில் அவள் பின்னறைக் கதவைத் தாழிட்டாள். குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். அட்டையை உருவினாள். அரக்குப் புடவையை உடுத்திக்கொண்டு பீரோக் கண்ணாடி முன் நின்றாள். இப்படிச் சாய்ந்து பார்த்தாள், அப்படித் திரும்பிப் பார்த்தாள். புழுக்கத்தில் முதுகு வேர்த்து ரவிக்கையோடு புடவையும் ஒட்டியது.

"மொதல்ல கட்டினது நானு," என்று மெல்லச் சொன்னாள், பீரோ மேல் உட்கார்ந்திருந்த துணி மூட்டையைப் பார்த்து. "இந்த ஒரு தடவ நீதான் ரெண்டாவது."

மூச்சுச் சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது.

அதே மடிப்பில் மடித்தாள். அதே துளைகளில் குண்டூசி குத்தினாள். கவருக்குள் போட்டு வைத்தாள். கடைக்காரருக்கே வித்தியாசம் தெரியாது.

*

வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிற நேரம். புயல் சின்னமாம், மழை நிற்கவே இல்லை.

மணியம்மாள் புதுப் பானையில் தண்ணீர் எடுத்து வந்தாள். பானை வாயில் மருக்கொழுந்தைச் சுற்றினாள். பின்னறையில் பலகை போட்டு, பானையும் விளக்கும் வளையலும் வைத்தாள். கவரைப் பிரித்து அரக்குப் புடவையைப் பலகையில் வைத்தபோது ஒரு விநாடி அவள் கை நின்றது.

"ஈரமா கீது?"

"மழ சாரல் அண்ணி," என்றாள் சுமலதா.

லேப்டாப்பை அணைக்கட்டுமா என்று அன்புசெல்வன் கேட்டான். "அது பாட்டுக்கு இருக்கட்டும்," என்றாள் மணியம்மாள். "கூப்பிடு சுமா."

சுமலதா கை கூப்பினாள். "அக்கா, வந்து வாங்கிக்க." வார்த்தையில்தான் மரியாதை இருந்தது.

கதவைச் சாத்திவிட்டு மூன்று பேரும் கூடத்துக்கு வந்தார்கள். பூவாடைக்காரி புடவையைக் கட்டிப் பார்க்கிற நேரம். உள்ளே உயிருள்ளது எதுவும் இருக்கக்கூடாது. திரும்பியும் பார்க்கக்கூடாது. கதவுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள்.

மழைச் சத்தம்.

அதற்கு அடியில் இன்னொரு சத்தம்.

புதுப் புடவை மடிப்பு உதறும் சத்தம்.

அன்புசெல்வன் கண்களை இறுக மூடிக்கொண்டான். அவன் உதடு அசைந்தது. என்ன பெயர் சொல்கிறான் என்று சுமலதாவுக்குத் தெரியும். பல்லைக் கடித்தாள்.

கரண்ட் போனது. தெருவே இருண்டது.

"போதும்," மணியம்மாள் கிசுகிசுத்தாள். "இப்ப நீ மட்டும் போ. அவ கட்டி அவுத்த பொடவைய எடுத்து நீ கட்டிக்கினு, விளக்கோட வெளிய வா. அதோட அவ உனக்குக் காவலு."

சுமலதா கதவைத் தள்ளினாள்.

விளக்கு அணைந்திருந்தது. திரியின் புகை நாற்றம், மருக்கொழுந்து. பீரோ மேல் பச்சை வெளிச்சம் மட்டும் எரிந்து, அணைந்து, எரிந்தது. அந்த வெளிச்சத்தில் பலகையைப் பார்த்தாள்.

பானை இருந்தது. வளையல் இல்லை.

புடவை இல்லை.

இடுப்பில் செருகியிருந்த பழைய போன் அதிர்ந்தது. காலி ரூம்.

'அளவு சரியா கீது தங்கச்சி. உன் வேர்வைதான் வழி காட்டிச்சு.'

பச்சை வெளிச்சம் எரிந்தது. பீரோக் கண்ணாடியில் அரக்குப் புடவை தெரிந்தது. கட்டியிருந்தவளுடைய கழுத்து தெரிந்தது. கழுத்தில் சுமலதாவின் தாலி தெரிந்தது.

வெளிச்சம் அணைந்தது.

சுமலதா கழுத்தைத் தடவினாள்.

வெறும் கழுத்து.

வளையல் சத்தம் அவளைக் கடந்து கதவை நோக்கிப் போனது. மறுபடி வெளிச்சம் எரிந்தபோது கதவு திறந்திருந்தது. கையில் விளக்கோடு ஒருத்தி வெளியே போய்க்கொண்டிருந்தாள். அந்த முதுகை, அந்தப் பின்னலை, இடது தோளின் அந்த லேசான சரிவைச் சுமலதாவுக்குத் தெரியும்.

அது அவளுடைய முதுகு.

"ஏங்க!" என்று கத்தினாள்.

கூடத்தில் அன்புசெல்வன் திரும்பவில்லை.

"அண்ணி!"

மணியம்மாள் திரும்பவில்லை.

விளக்கோடு போனவள் மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். சுமலதாவின் முகத்தால் சிரித்தாள். பிறகு, பின்னால் கையை நீட்டி, கதவைச் சாத்தினாள்.

*

தை பிறந்துவிட்டது. மழை போய், இரும்புத் தூள் மறுபடி பறக்க ஆரம்பித்தது.

"இன்னா அன்பு, உன் பொண்டாட்டி ஆளே மாறிட்டாளே!" விக்டோரியா வாசலில் நின்று சிரித்தாள். "மொதல்ல என் சாம்பாரைக் கண்டா மூஞ்சி சுளிப்பா. நேத்து ஊறுகாயோட வந்து நிக்கறா! என்னையே கலாய்க்கறாப்பா."

அன்புசெல்வன் சிரித்தான். கண்ணோரத்தில் சுருக்கம் விழுந்தது. கொஞ்ச நாளாகவே அவன் அப்படித்தான் சிரிக்கிறான்.

விக்டோரியா போனதும், சாப்பாடு வருகிற வரைக்கும் லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். ஆப் மெதுவாக ஓடுகிறது என்று ரெண்டு மூணு பேர் சொல்லியிருந்தார்கள். எங்கே அடைக்கிறது என்று தேடிக்கொண்டே போனவன், காலி ரூமைத் திறந்தான்.

அங்கே போடப்பட்டவர்கள் எல்லாரும் எப்போதோ அடங்கிவிட்டிருந்தார்கள். ஒருத்தனைத் தவிர.

"பட்டாக்கத்தி இன்னும் விடல சுமா!" என்று சமையலறைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தான். "ராவும் பகலும் அடிச்சிக்கினே கீறான். இதான் அடைச்சிக்கினு கீது. இன்னா வெறிடா இது."

"படிக்காதீங்க," உள்ளேயிருந்து குரல் வந்தது. "பதிலும் போடாதீங்க. யாருமே திரும்பிப் பாக்கலன்னா தானா அடங்கிடும்."

அது அவன் சொல்கிற வார்த்தைதான்.

அவள் குண்டானோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அரக்குப் புடவை. தலையில் மருக்கொழுந்து. அவன் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே, இன்னொரு கையால் அந்தப் பேச்சை முழுசாக அழிக்கப் போனான். அழிப்பதற்கு முன், கண் தானாகக் கடைசி வரியில் போய் நின்றது.

அதே நேரம் தட்டில் சூடாகச் சோறு விழுந்தது. தட்டு இன்னும் காலியாகவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

'ஏங்க, கேக்காம சோறு போடறாளே, அது நான் இல்லீங்க.'

அன்புசெல்வனின் கை நின்றது.

மெல்லத் தலையைத் தூக்கினான். அவள் கரண்டியைப் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இமைக்கவில்லை.

"இன்னாங்க? சாப்புடுங்க."

நெடு நேரம் அவன் அந்த முகத்தைப் பார்த்தான். அந்த முகத்துக்குள் எதையோ தேடினான். தேடியது கிடைத்துவிட்டது.

வாயைத் திறந்தான். ஏதோ ஒரு பெயர் உதடு வரை வந்தது. சொல்லாமல் விழுங்கினான்.

பிறகு இடது கையால் லேப்டாப்பை மூடி, அதன் மேல் பழைய துணியை இழுத்துப் போர்த்திவிட்டு, சோற்றைப் பிசைய ஆரம்பித்தான்.

துணிக்கு அடியில் டிங் என்றது.

கொஞ்சம் கழித்து மறுபடியும் டிங் என்றது.